எளிய மடிக்கணினியும் ஏற்ற விளையாட்டும்

படிப்பினால் அயர்ந்த உள்ளத்திற்கு விளையாட்டு ஒரு மருந்தாம். மாலைப் பொழுதிற் பந்தாடுகளம் செல்லும் மாணவர் உளர். இரவில் விடுதியறையின்கண் இருந்து சதுரங்கம் ஆடுவாரும் உளர். இக்காலத்து மாணவருட் பலரோ தம் மடிக்கணினியையே ஆடுகளமாகக் கொண்டுள்ளனர். இது நன்றோ தீதோ என்னும் வழக்கை யாம் ஈண்டு எடுத்துக்கொண்டோமல்லேம். ஆடுவது என்று துணிந்தபின், கையிலுள்ள எளிய கருவிக்கு ஏற்ற ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளுமாறு எங்ஙனம் என்பதே இக்கட்டுரையிற் கூறப்புகுவது.

இதற்கும் ஓர் ஆராய்ச்சி வேண்டுமோ எனின், வேண்டும். நம்மனோரிடம் உள்ள மடிக்கணினி பெரும்பாலும் ஒன்றே. அதுவும் பெற்றோர் தவணை முறையிற் பணங்கட்டி வாங்கித் தந்ததாகவோ, அரசினர் வழங்கியதாகவோ, தமையன்மார் பயன்படுத்திக் கொடுத்ததாகவோ இருக்கும். கட்டுரை எழுதுவதும், விரிவுரைக் குறிப்புக்களைச் சேர்த்து வைப்பதும், தேர்வுக்கு விண்ணப்பிப்பதும் அதன்கண்ணேயாம். சென்ற ஆண்டு எம் விடுதித் தோழர் ஒருவர், பலரும் புகழ்ந்த பேராட்டம் ஒன்றை மூன்றிரவு விழித்திருந்து இறக்கிக்கொண்டார். இறக்கி முடிந்த அளவில் கணினியில் இடம் அற்றுப்போயிற்று. ஆட்டமோ தொடக்கப் படத்தைத் தாண்டாது நின்றுவிட்டது. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை எழுதிச் சேமிக்கப் புகுந்தபோது, இடமில்லை என்று கணினி மறுத்தது. ஆட்டத்தின்மேற் குற்றமில்லை, கணினியின்மேலும் குற்றமில்லை, இரண்டையும் ஒப்பநோக்காது இணைத்ததே குற்றம். கோபுரங் கட்டக் கருதுவோன் முதற்கண் செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் நற்செய்தி உவமையின் பொருளை அன்று யாம் நன்குணர்ந்தோம்.

இனிக் கருவியின் இயல்பை நோக்குவாம். திரைப்படம் முன்னரே எடுக்கப்பட்டது. அதனைக் காட்டுதல் ஒன்றே திரையரங்கின் வேலை. கணினி விளையாட்டோ அங்ஙனமன்று. ஆடுவோன் எத்திசை திரும்புவான் என்பது முன்னர்த் தெரியாதாகலின், ஒவ்வொரு படமும் அவ்வக் கணத்திலேயே புதிதாக வரையப்படல் வேண்டும். நொடிக்கு 30 படங்களேனும் வரையப்படின் கண்ணுக்கு ஓட்டம் தடையின்றித் தோன்றும். 60 ஆயின் மிக நன்று. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடைய திரையில் 20,73,600 புள்ளிகள் உள. அவற்றை நொடிக்கு 60 முறை நிரப்புவதாயின், ஒரு நொடியில் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறங் கணித்தாக வேண்டும். கணினி திணறுவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

இவ்வேலையைச் செய்யும் உறுப்பே கிராபிக்ஸ் எனப்படும் வரைகலைப் பகுதி. விலையுயர்ந்த கணினிகளில் அது தனிச் சில்லாக அமைந்து, தனக்கே உரிய நினைவகத்தையும் பெற்றிருக்கும். எளிய மடிக்கணினிகளிலோ அது மையச் செயலியின் உள்ளேயே அடங்கியிருக்கும். தனக்கெனத் தனி நினைவகம் இல்லாமையால், ராம் எனப்படும் பொது நினைவகத்தினின்றே பங்கு பெறும். ஓரடுப்பிற் சோறும் குழம்பும் ஒருங்கே சமைக்கும் சிறு குடும்பத்தின் நிலைமை போன்றது இது. 8 ஜி.பி. நினைவகம் உடையோம் என்று மகிழ்கின்றோம்; அதில் விண்டோஸ் ஒரு பகுதியைக் கொள்ளும்; திறந்து கிடக்கும் இணைய உலாவி ஒரு பகுதியைக் கொள்ளும்; எஞ்சியதையே ஆட்டமும் அதன் படங்களும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். 4 ஜி.பி. உடையார் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இங்கு அறியத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. 8 ஜி.பி. அளவுள்ள ஒரே நினைவகப் பட்டையைக் காட்டிலும், 4 ஜி.பி. பட்டைகள் இரண்டு பொருத்தப்பட்ட கணினி விளையாட்டில் விரைந்து செல்லும். என்னை? தரவு செல்லுதற்கு ஒரு வழிக்குப் பதிலாக இரு வழிகள் கிடைத்தலான். 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெலின் ஐரிஸ் எக்ஸ்ஈ வரைகலை, 2017-இல் வந்த யூ.எச்.டி. 620-ஐ விடப் பன்மடங்கு வல்லது. எனினும் நினைவகம் ஒருவழியாயின் அதன் வன்மை பெரிதும் குன்றும். ஆதலின் கணினியில் நினைவகத்திற்கு ஒரு பொருத்துவாய் வறிதே இருப்பின், அதில் இரண்டாம் பட்டையைப் பொருத்துதலே சிறு செலவிற் பெறத்தக்க பெரும்பயனாம். சில மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இது கூடாமையின், முன்னரே வினவி அறிக.

தம் கருவியின் உறுப்புக்களை அறிய விரும்புவார், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒருங்கே அழுத்தி, தோன்றும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்னும் ஆறு ஆங்கில எழுத்துக்களை இட்டால், செயலி, நினைவகம், வரைகலை ஆகியவற்றின் பெயரும் அளவும் திரையிலே தோன்றும். அவற்றை ஒரு தாளிற் குறித்து வைத்துக்கொள்க. இனிமேற் செய்யும் ஒப்பீட்டிற்கெல்லாம் அத்தாளே அளவுகோல்.

கருவியை அறிந்தபின் ஆட்டத்தை அறிதல் வேண்டும். விற்பனைப் பக்கம் ஒவ்வொன்றிலும் குறைந்த தேவை, பரிந்துரைக்கும் தேவை என இருவகைப் பட்டியல்கள் இருக்கும். குறைந்த தேவை என்பது ஆட்டம் எவ்வாறேனும் ஓடுதற்கு வேண்டுவது. இனிதாக ஓடும் என்பதற்கு அஃது உறுதியன்று. எளிய கருவியுடையார் தம் கணினி அவ்வெல்லையைச் சிறிதேனும் கடந்து நிற்கும் ஆட்டங்களையே நாடுக. எடுத்துக்காட்டாக, 2019-இல் கணினிக்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்னும் ஆட்டம் 150 ஜி.பி. இடம் வேண்டுவது. சைபர்பங்க் 2077 என்பது குறைந்த அளவிலேயே 12 ஜி.பி. நினைவகமும் தனி வரைகலை அட்டையும் கேட்பது. இவை நம் கருவிக்குரியனவல்ல. 2016-இல் வெளிவந்த ஸ்டார்டியூ வேலி என்பதோ 2 ஜி.பி. நினைவகமும் 500 எம்.பி. இடமுமே கேட்கின்றது, முற்கூறிய பேராட்டத்தின் இடத்தில் முந்நூற்றில் ஒரு பங்கு. எரிக் பரோன் என்னும் ஒருவரே தனித்திருந்து அதன் ஓவியம், இசை, கதை, நிரல் அனைத்தையும் ஆக்கினார். பாழ்பட்ட தோட்டமொன்றை உழுது பயிரிட்டு, ஊராருடன் நட்புக்கொண்டு வாழ்தலே அதன் பொருள். 2024-ஆம் ஆண்டின் முடிவிற்குள் அது 4 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றது. ஆட்டத்தின் சுவை அது கேட்கும் வன்பொருளின் அளவினதன்று என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

எளிய கணினிக்கு ஏற்றவற்றை மூவகையாகப் பகுக்கலாம். முதல்வகை, இருபரிமாண ஓவியங்களால் ஆகியவை. ஸ்டார்டியூ வேலியும், அண்டர்டேல், செலஸ்ட் முதலியனவும் இவ்வகையின. இரண்டாம்வகை, முறைவைத்து ஆடுபவை. சதுரங்கம் இவற்றுக்கெல்லாம் தாய். 2018-இல் வந்த இன்டு தி பிரீச் சதுரங்கப் பலகையைப் போலவே எட்டுக்கு எட்டாக 64 கட்டங்களில் நிகழ்வது. பகைவர் அடுத்துச் செய்யப்போவதை முன்னரே காட்டிவிட்டு, அதனைத் தடுக்கும் வழியை நம்மையே எண்ணச் செய்வது. இத்தகைய ஆட்டங்களிற் படம் சற்றே தயங்கினும் தோல்வி நேராது. எண்ணுதற்கே பொழுது செல்லுமாகலின். மூன்றாம்வகை, முப்பரிமாணத்தனவாயினும் முற்பட்ட ஆண்டுகளிற் பிறந்தவை. 2004-இன் ஹாஃப்-லைஃப் 2, 2007-இன் போர்ட்டல் முதலியவற்றை இக்காலத்து எளிய கணினியும் இலகுவில் ஓட்டும். காசின்றிக் கிடைப்பனவும் உள. 2003 முதல் வளர்ந்துவரும் பேட்டில் ஃபார் வெஸ்னாத் என்னும் முறைவைத்து ஆடும் போராட்டம் அவற்றுள் ஒன்று.

ஈண்டு இருவகை மயக்கங்களை விலக்குதல் வேண்டும். பெயர் ஒன்றாயிருத்தலால் ஆட்டமும் ஒன்றெனக் கருதற்க. 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வேறு. 2019-இற் புதுக்கப்பட்ட அதன் பதிப்பு வேறு. பின்னது முன்னதினும் பன்மடங்கு வன்மை வேண்டுவது. மற்றொன்று, தோற்றத்தைக் கண்டு எளிதென மதிப்பிடற்க. மைன்கிராஃப்ட் வெறுங் கட்டிகளால் அடுக்கப்பட்டது போலத் தோன்றும். ஆயினும் அஃது எல்லையற்றதோர் முப்பரிமாண உலகை நடக்க நடக்கப் படைத்துக்கொண்டே செல்வதாகலின் செயலியை வருத்தும். கண்ணுக்கெட்டும் தொலைவைக் குறைத்து வைத்தே அதனை ஆடல் வேண்டும்.

நிற்க. ஏற்ற ஆட்டத்தைத் தெரிந்த பின்னும் செய்யத்தக்கன சில உள. படம் தயங்குமாயின் முதற்கண் திரைப்புள்ளிகளின் அளவைக் குறைக்க. 1920-க்கு 1080 என்பதை 1280-க்கு 720 ஆக்கின் புள்ளிகள் 9,21,600 ஆகும். வரைகலையின் சுமை பாதிக்கும் கீழாம். அடுத்து நிழலின் நுட்பத்தைக் குறைக்க. நொடிக்கு 60 படங்கள் இயலாவிடின் 30 என வரையறுத்துவிடுக. ஏறியும் இறங்கியும் செல்லும் விரைவினும் ஒருசீரான குறைவு கண்ணுக்கு இனிது. உலாவியை மூடுக, மின்னிணைப்புடன் ஆடுக. பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர்த் திக்குமாயின், பெரும்பாலும் அது வெப்பத்தின் விளைவே. செயலி மிகச் சூடேறின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே விரைவைக் குறைத்துக்கொள்ளும். மெத்தையின்மேல் வைத்து ஆடுவார் கணினியின் மூச்சுத் துளைகளை அடைக்கின்றனர். வன்மேசையின்மேல் வைத்து, பின்புறத்தைச் சற்றே உயர்த்துக.

பொருட்செலவைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டீம் என்னும் இணையக் கடையில், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருப்பின், பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆதலின் வாங்கிய அன்றே ஆட்டத்தின் மிகக் கடுமையான பகுதியைத் தம் கணினியில் ஓட்டிப் பார்க்க. முன்னோட்டப் படி இலவசமாகக் கிடைப்பின் அதனையே முதலிற் சோதிக்க. 2024 சனவரி முதல் நாள் தொட்டு விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் அக்கடையின் மென்பொருள் ஆதரிக்கப்படாமையையும் பழங்கணினி உடையார் நினைவிற்கொள்க. பூட்டுடைத்த திருட்டுப் படிகளை நண்பர் தருவாராயின், நன்றி கூறி மறுத்துவிடுக. அவை கணினிக்கு நோய் கொணர்தல் பலகாலும் உண்டு. நோயில்லையாயினும், ஒருவன் பல்லாண்டு உழைத்த உழைப்பின் கூலியைக் கவர்தல் நம் கல்லூரி நமக்குக் கற்பித்த நெறியன்று.

இறுதியாக, தமிழ் மாணவர்க்குச் சிறப்பாக உரியதோர் ஆட்டத்தைச் சுட்டுவாம். 2023-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் வெண்பா என்னும் பெயரால் ஓர் ஆட்டம் வெளியிட்டனர். 1980-களிற் கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் தாயே அதன் தலைவி. யாப்பின் பெயரே அவள் பெயர். தன் தாய் எழுதித் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்துபோயிருக்க, அழிந்த இடங்களை ஊகித்து நிரப்பி, இட்டலி முதலியவற்றை ஆக்குதலே ஆட்டம். அயல்நாட்டிற் பிறந்து வளரும் மகன் தாய்மொழியினின்று சிறிது சிறிதாக விலகுவதே அதன் துயரம். செல்லரித்த ஏட்டில் எழுத்து மறைந்த இடத்தை முன்னும் பின்னும் நோக்கி மீட்ட நம் பதிப்பாசிரியர்களின் வினைக்கும், அடுப்படியில் நிகழும் இவ்வினைக்கும் எம்மால் வேறுபாடு காணக்கூடவில்லை. 2024-இல் அது பிரிட்டனின் பாஃப்டா பரிசு பெற்றது. கையால் வரைந்த இருபரிமாண ஓவியங்களால் ஆகியதாகலின் எளிய கணினிக்கும் அது பாரமன்று. இரண்டு மணிக்குள் அது முடிந்துவிடும். ஆடி முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டல் கடையின் விதிப்படி கூடலாம், மனச்சான்றின்படி கூடாது.

பெரிய கணினி இல்லையே என்று வருந்துவாரும், அதற்கெனப் பெற்றோரை மேலும் கடன்படுத்த எண்ணுவாரும் நம்மிடையே உளர். அன்னார்க்கு யாம் கூறுவது இதுவே. ஒருவர் உழைப்பால் எழுந்த ஒரு தோட்டமும், அறுபத்துநான்கு கட்டங்களில் அடங்கிய ஒரு போரும், ஒரு தாயின் அடுப்படியும் நம் சிறு கருவியிற் குறைவின்றி நிகழும். கருவியின் அளவறிந்து ஆட்டத்தைத் தெரிவோமாக; ஆட்டம் முடிந்தபின் அதே கருவியில் நம் கட்டுரையை எழுதுதற்கு இடமும் பொழுதும் எஞ்சியிருக்குமாறு ஆடுவோமாக.