மணிக்கு ஆறு நிமிடம்

மூளையின் அடிவாரத்திலுள்ள ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.ஹெச். என்ற பெப்டைடை அனுப்பி பிட்யூட்டரியை எழுப்புகிறது. பிட்யூட்டரி சினைப்பையை எழுப்புகிறது. இது சென்ற வாரம் பார்த்ததுதான். பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி இந்த ஜி.என்.ஆர்.ஹெச்.

இந்த வாரம் கிஸ்பெப்டின் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் 1978இல் வெளியான ஓர் ஆய்வைத் திரும்பப் படித்ததிலிருந்து மனம் அதைவிட்டு நகர மறுக்கிறது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர், ஹைப்போதலாமஸில் இந்தப் பெப்டைடை அனுப்பும் பகுதி செயலிழந்த ரீசஸ் குரங்குகளுக்கு ஜி.என்.ஆர்.ஹெச்.சை வெளியிலிருந்து செலுத்தினார்கள். டிரிப்ஸ் ஏற்றுவதுபோல இடைவிடாமல் கொடுத்தபோது பிட்யூட்டரி அசையவில்லை. அதே மருந்தை மணிக்கு ஒருமுறை, ஆறு நிமிடம் மட்டும் கொடுத்தார்கள். சினைப்பையை எழுப்பும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டும் சுரக்கத் தொடங்கின!

ஓயாமல் கூப்பிடும் குரலுக்கு யார் காது கொடுப்பார்கள்? விட்டுவிட்டுக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்போம். பிட்யூட்டரியும் அப்படித்தான். செய்தி மருந்தில் மட்டும் இல்லை, இடைவெளியிலும் இருக்கிறது.

பெண்ணுடலில் இந்த இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். கருமுட்டை வளரும் நாட்களில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஜி.என்.ஆர்.ஹெச். துடிப்பு. முட்டை வெளியான பிறகு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்குத் துடிப்பு வேகமாகிவிடுகிறது, எல்.ஹெச். ஓங்கிவிடுகிறது. நோபில் கண்ட மறுபாதியும் மருந்தாகியிருக்கிறது: எண்டோமெட்ரியோசிஸுக்கும், வயதுக்கு முன்பே பூப்படையும் சிறுமிகளுக்கும், இதே பெப்டைடின் சாயலில் செய்த மருந்தை இடைவிடாமல் உடலில் இருக்கச்செய்து சுரப்பை அடக்குகிறார்கள்.

என் தங்கை மகள் ஓட்டப் பந்தயக்காரி. கடும் பயிற்சி, அரைவயிற்றுச் சாப்பாடு. நான்கு மாதம் மாதவிடாய் வரவில்லை. கர்ப்பப்பையில் கோளாறு என்று வீடே பதறியது. ஸ்கேனில் குறையில்லை. உடலுக்கு வேண்டிய உணவு வராதபோது மூளை இந்தத் துடிப்பைத் தளர்த்திவிடும். டாக்டர் சாப்பாட்டைக் கூட்டினார், பயிற்சியைக் குறைத்தார், மாதவிடாய் திரும்பியது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லையென்றால் அவளைக் குறை சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சரி, மணிக்கு மணி அந்தத் துடிப்பைத் தட்டிவிடுவது யார்? அதுதான் கிஸ்பெப்டின். 1996இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில், புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் மரபணுவைத் தேடியவர்கள் கையில் அதன் மரபணு அகப்பட்டது; அந்த ஊர் சாக்லேட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது பூப்பெய்துதலின் சாவி என்று தெரியவந்தது ஏழு ஆண்டுகள் கழித்து, 2003இல். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)