கமிஷன் வாங்கணுமா? முதல்ல நம்பர் வாங்குங்க!

'டிகிரி முடிச்சுட்டு ரியல் எஸ்டேட்ல இறங்கிடலாம்னு இருக்கேன்' என்று சொல்பவர்கள் எல்லா கேம்பஸிலும் உண்டு. நீங்களும் அந்தக் கட்சியா? கை கொடுங்க, நல்ல தொழில்தான். ஆனால் செல்போனும் டூ வீலரும் இருந்தால் போதும், புரோக்கர் ஆகிவிடலாம் என்ற காலம் மலையேறிப் போச்சு!

2016-ல் வந்தது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம். சுருக்கமா 'ரெரா'. 2017 மே 1 முதல் முழுசாக அமலுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டுக்கான விதிகளும் வந்துவிட்டன. ரெராவில் பதிவான திட்டத்தில் ஒரு மனையையோ, ஃப்ளாட்டையோ விற்றுக் கொடுக்க வேண்டுமென்றால், ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத திட்டங்களுக்கும், எட்டு வீடுகளைத் தாண்டாத திட்டங்களுக்கும் விலக்கு உண்டு. ஒருவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பதும் இந்தப் பதிவுக்குள் வராது.

என்ன படிச்சிருக்கணும்?

ஆச்சரியம் இதுதான். பட்டம் வேண்டும் என்று மத்தியச் சட்டம் எங்கேயும் கேட்கவில்லை! பி.காம். படித்தவரும் வரலாம், பிளஸ் டூவோடு நின்றவரும் வரலாம். ஒப்பந்தம் போடுவதற்கான 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பான் கார்டு, போட்டோ, அலுவலக முகவரிக்கான சான்று, கட்டணம் ஆகியவற்றோடு தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணத்தையும் மற்ற ஆவணங்களையும் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்குங்க. பதிவு ஐந்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கணும். கையில் கிடைக்கும் பதிவு எண்ணை, நீங்கள் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும்.

மகாராஷ்டிரா ஒரு படி மேலே போய்விட்டது. 2023-ல் ஏஜென்ட்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் அங்கே கட்டாயமாச்சு. சிங்கப்பூரிலோ 21 வயது, நான்கு 'ஓ' லெவல் பாஸ், தனிப் படிப்பு, அதற்கு மேல் பரீட்சை!

நம்பர் இல்லாம ஓட்டினா?

ஒரு கணக்கு போடுவோம். 20 லட்ச ரூபாய் மனை. இரண்டு சதவீதம் கமிஷன் என்று பேசினால் உங்களுக்கு 40 ஆயிரம். பதிவில்லாமல் முடித்துக் கொடுத்து மாட்டினால், நாளொன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம். அது மனை விலையில் ஐந்து சதவீதம் வரை, அதாவது ஒரு லட்சம் வரை ஏறலாம். பத்தே நாளில் கமிஷனும் போச்சு, கைக்காசும் போச்சு!

பதிவு இருந்தாலும் வாய்க்கு வந்ததை அளந்துவிட முடியாது. 'பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட் வரப்போகுது சார்' என்று இல்லாததைச் சொல்வதும், பதிவாகாத திட்டத்தை விற்பதும் சட்டப்படி தவறு. பதிவே ரத்தாகலாம். கணக்குப் புத்தகம் எழுதி வைப்பதும், வாங்குபவருக்கு உரிய எல்லா ஆவணமும் தகவலும் புக்கிங் சமயத்திலேயே கிடைக்கச் செய்வதும் உங்கள் கடமை.

நிஜமான தகுதி

சரி, சட்டம் பட்டம் கேட்கவில்லை. ஆனால் உங்களை நம்பி வருகிறவர் கேட்பார். பிஎஃப் பணத்தையும் நகைக் கடனையும் சேர்த்துக் கொண்டுவரும் ஒரு அப்பா, 'தம்பி, பத்திரம் சுத்தமா இருக்கா?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, மனை வாங்கி வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் முடியாமல் தவித்தன. 'அப்ரூவல் வந்துடும் சார்' என்ற வாய் வார்த்தை அப்போது யாரையும் காப்பாற்றவில்லை.

அதனால் தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை தொடர்ச்சி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான விவரங்கள் மட்டுமே வரும். பதிவாகாத உயில் அதில் தெரியாது, வாரிசுகளைத் தனியாக விசாரிக்கணும். பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கா? லேஅவுட்டுக்கு சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகாரம் உண்டா? எல்லாவற்றையும் பார்த்த பிறகும், வக்கீல் கருத்து வாங்கச் சொல்லும் ஏஜென்ட்டைத்தான் ஜனம் தேடி வரும்.

ஹோம் வொர்க் ஒண்ணு. இந்த லீவில் அப்பாவிடம் கேட்டு உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வரி விடாமல் படியுங்கள். சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் பட்டாவோடு ஒப்பிடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கமும் பாருங்கள். புரியாத வார்த்தை எத்தனை என்று எண்ணி வையுங்கள். அத்தனையும் புரிந்த பிறகு பதிவுக்கு விண்ணப்பியுங்கள் பாஸ்!