நான்கு பத்து நாற்பது ஆகாத கணக்கு

மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கை முடிக்க வேண்டிய அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே புலம்பல்தான்: பத்து ஜிகாபிட் லிங்க் நான்கைச் சேர்த்துக் கட்டியும், பேக்கப் பத்தைத் தாண்ட மறுக்கிறது.

விற்பனைத் தாளில் '40 ஜிகாபிட்' என்று இருக்கும். பொய்யில்லை. ஆனால் அது நான்கின் கூட்டுத்தொகை. தனியொரு இணைப்புக்குக் கிடைக்கும் வேகமல்ல. லிங்குகளை இப்படிக் கட்டுவதற்கான 802.3ஏடி தரநிலை 2000-இல் வந்த நாளிலிருந்தே கதை இதுதான்.

பாக்கெட்டுகளை நான்கிலும் மாற்றி மாற்றி அனுப்பினால் என்ன? வரிசை கலையும். பிந்திப் புறப்பட்டவை முந்தி வந்து சேர்ந்தால், வராததெல்லாம் தொலைந்துவிட்டதென்று டிசிபி முடிவுகட்டி வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் சுவிட்ச் ஒரு தந்திரம் செய்கிறது. இரு முனைகளின் ஐபி முகவரிகள், இரு போர்ட் எண்கள், புரோட்டோகால் ஆகிய ஐந்தையும் (சில சுவிட்சுகளில் இவற்றில் சிலவற்றை மட்டும்) பிசைந்து ஓர் எண்ணாக்குகிறது. அதற்கு ஹாஷ் என்று பெயர். அதை நான்கால் வகுத்து, மீதி எதுவோ அந்த லிங்க். ஓர் உரையாடல், அதாவது ஓர் இணைப்பு, கடைசிவரை ஒரே லிங்கில்தான் போகும். மற்ற மூன்றும் காலியாகக் கிடந்தாலும் சரி. இதைத்தான் 'லோட் பேலன்சிங்' என்கிறார்கள். லோடை அது அளப்பதே இல்லை!

ரூட்டர்கள் அடுக்கடுக்காக இருந்தால் கூத்து இன்னும் பெரிது. முதல் ரூட்டர் இரட்டைப்படை ஹாஷ் எண்களை இடப்பக்கம் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்க ரூட்டரும் அதே சூத்திரத்தைப் போட்டால், அதற்கு வருவதெல்லாம் இரட்டைப்படைதான்; அதன் வலப்பக்க லிங்க் சும்மா கிடக்கும். காசு கொடுத்த லிங்க்! ஒவ்வொரு ரூட்டருக்கும் வேறு வேறு தொடக்க எண் கொடுத்தால் இது தீரும்.

ஏஐ பயிற்சி மையங்களில் அதுவும் போதவில்லை. அங்கே உரையாடல்கள் சில, ஒவ்வொன்றும் யானைக்கனம். ஹாஷ் மட்டும் நம்பினால் சுமை ஒரு சில லிங்குகளில் குவிகிறது என்பதை மெட்டா பொறியாளர்களே 2024 ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்.

மற்ற கேள்விகள்:

மூன்று லிங்க் போதுமா? ஹாஷை எட்டுக் கூறாகப் பிரிக்கும் பழைய சிஸ்கோ சுவிட்சுகளில் 3, 3, 2 என்றுதான் பங்கு விழும்.

ஒன்று அறுந்தால்? மிச்சமுள்ளவை தாங்கும், வேகம் குறையும்.

வீட்டில் இரண்டு பிராட்பேண்ட் போட்டால்? ஒரே இணைப்பில் இறங்கும் ஃபைலுக்கு ஒன்றின் வேகம்தான்.

பேக்கப் மென்பொருளில் ஒரே நேரத்தில் பல இணைப்புகள் திறக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். ஹாஷில் போர்ட் எண்களும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்தாவது லிங்குக்கு டெண்டர் விடுவதெல்லாம் அதற்குப் பிறகு.