‘மேலது’ எந்த நூல்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டுகளைத் தொடாத சோழர் வரலாறு கிடையாது. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், குடத்தில் ஓலையிட்டு வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க ஊர்ச்சபை செய்த இரண்டு ஏற்பாடுகள் அவை. ஊரை முப்பது குடும்புகளாக (வார்டுகளாக) பிரித்து, சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம் என்று தகுதிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை அவருடைய உறவினர்களோடு சேர்த்து ஒதுக்கிவைக்கும் விதிகள். பள்ளிப் பாடப்புத்தகம் வரை வந்துவிட்ட செய்திதான். ஆனால் அந்த ஊரைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வுக்கட்டுரை எழுத உட்கார்ந்தால், சபையின் விதிகளைவிட அடிக்குறிப்பின் விதிகள்தான் அவரைப் பாடாய்ப்படுத்தும்.

ஒரே கல்வெட்டுக்கு எத்தனை முகவரி என்று பாருங்கள். கல்வெட்டுத் துறையின் பட்டியலில் இவை 1898ஆம் ஆண்டின் 1, 2 எண்கள். வி. வெங்கையா இவற்றை விரிவாக வெளியிட்டது இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில். அந்த அறிக்கை அச்சாகி வந்ததோ 1908இல். பிறகு கே.வி. சுப்பிரமணிய அய்யர் ‘எபிகிராபியா இண்டிகா’ 22ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வந்த தம் நூலில் விவாதித்தார். 1970இல் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு மொழியில் தனி நூலே போட்டார்கள். போதாததற்கு ஊர்ப் பெயர் வேறு: பழைய ஆங்கில எழுத்துகளில் உத்தரமல்லூர், பிறகு உத்தரமேரூர், இன்றைய பேருந்துப் பலகையில் உத்திரமேரூர்.

இத்தனையையும் வேர்ட் கோப்பில் கையால் தட்டச்சு செய்வதே நம் ஊர் வழக்கம். முதல் அடிக்குறிப்பில் வெங்கையா, இரண்டாவதில், மேலே சொன்ன அதே நூல் என்ற பொருளில், ‘மேலது, ப. 138’. நெறியாளர் படித்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே நீலகண்ட சாஸ்திரியையும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். சேர்த்தாயிற்று. குறிப்பு எண்களை வேர்டே மாற்றிக்கொண்டது. ஆனால் ‘மேலது’ இப்போது சாஸ்திரியைக் காட்டுகிறது! வேர்டைப் பொறுத்தவரை அது வெறும் ஒரு சொல். எந்த நூலைக் குறிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. முந்நூறு குறிப்புள்ள ஆய்வேட்டில் இப்படி எத்தனை ‘மேலது’ தடம் மாறியிருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எளிய உரைக் கோப்பு, அதாவது நோட்பேடில் திறக்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், இதை வேறு வழியில் அணுகுகிறது. எழுதுபவர் இரண்டு கோப்புகளை வைத்துக்கொள்கிறார். ஒன்றில் கட்டுரை. இன்னொன்றில் நூல் விவரங்கள்: ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பதிவு, அதில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, தொகுதி, பக்கம் என்று தனித்தனி வரிகள், தலையில் ஒரு குறிச்சொல். கட்டுரையில் மேற்கோள் வரும் இடத்தில் நூல் பெயரை எழுதுவதே இல்லை. சதுர அடைப்புக்குள் ஒரு ‘அட்’ குறி, அதை ஒட்டி அந்தக் குறிச்சொல், வேண்டுமானால் பக்க எண். அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்து அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் ஆக்கிக் கொடுப்பது மென்பொருளின் வேலை. எது ‘மேலது’ என்பதை ஒவ்வொரு முறையும் அது புதிதாகக் கணக்கிடும். நடுவில் சாஸ்திரி வந்து உட்கார்ந்தால், அடுத்த குறிப்பில் வெங்கையாவின் பெயர் தானாகத் திரும்பிவிடும்.

இந்த வழி கணிதக்காரர்களிடமிருந்து வந்தது. 1977இல் டொனால்ட் குனூத் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்து நொந்துபோய், அச்சுக்கோக்கும் நிரலைத் தாமே எழுதத் தொடங்கினார். அதுதான் டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் லாடெக்கைக் கட்டினார். மேற்கோள் வேலைக்கு ஓரன் படாஷ்னிக் 1985இல் பிப்டெக்கைச் சேர்த்தார். நூல் விவரக் கோப்பின் வடிவம் இன்றுவரை பெரும்பாலும் அந்த பிப்டெக் வடிவம்தான். நாற்பது ஆண்டுக்கு முன் எழுதிய பதிவை இன்றும் திறந்து அப்படியே பயன்படுத்தலாம்.

லாடெக்கின் சாய்கோடுகளும் அடைப்புக்குறிகளும் வரலாற்று மாணவரை மிரட்டும் என்பது உண்மை. அவருக்கு நான் சொல்வது மார்க்டவுன். தலைப்புக்கு முன் ஒரு எண் குறி, சாய்வெழுத்துக்கு இருபுறமும் நட்சத்திரம், மற்றதெல்லாம் வெறும் எழுத்து. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்டது. இதை வேர்டாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றும் பாண்டாக் என்ற நிரல் 2006இல் வந்தது. எழுதியவர் பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மெக்ஃபார்லேன். கணினிப் பேராசிரியர் அல்ல என்பது நம் கலைத்துறை மாணவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு தரலாம். மேற்கோள் எந்தப் பாணியில் வரவேண்டும் என்பது இன்னொரு சிறு கோப்பில் இருக்கும். இப்படிப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாணிக் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு இதழ் திருப்பி அனுப்பினால், அடுத்த இதழின் பாணிக் கோப்பின் பெயரை ஒரு வரியில் மாற்றினால் போதும். ‘மேலது’, ‘ப.’ போன்ற தமிழ்ச் சொற்கள் வேண்டுமென்றால் பாணிக் கோப்பில் ஒருமுறை நாமே எழுதிக்கொள்ளலாம்.

தமிழுக்கு இதில் தனிப்பட்ட ஓர் அக்கறை உண்டு. 1990களில் டிடிபி கடைகளில் அடித்த ஆய்வேடுகளை இன்று திறந்து பாருங்கள். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீட்டு முறை. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் திரையில் தெரிவது ரோமன் எழுத்துக் குப்பை. யூனிகோடில் வைத்த எளிய உரைக்கு அந்தக் கதி இல்லை. ‘உத்திரமேரூர்’ என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் 12 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 36 பைட். அந்த 36 பைட்டை எந்தக் கணினி படித்தாலும் அதே ஊர்தான். பிடிஎஃப்பை நம்பி உரைக்கோப்பை அழித்துவிடக் கூடாது. தமிழ்ப் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி வரும்.

தமிழில் அச்சுக்கோக்க 2004இல் ஜோனதன் கியூ எழுதிய சீடெக் ஏற்றது. கணினியில் இருக்கும் யூனிகோட் எழுத்துருக்களை அது நேரடியாக எடுத்துக்கொள்ளும். வரிசைப்படுத்துவதில்தான் கவனம் வேண்டும். யூனிகோட் அட்டவணையில் ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் நிற்கின்றன. பழைய பிப்டெக் அந்த எண் வரிசையையே பின்பற்றுவதால், ‘பழனி’யை முதலிலும் ‘பவானி’யை அடுத்தும் போடும். நம் நெடுங்கணக்குப்படி இது தலைகீழ். பைபர் என்ற பிந்தைய நிரல் யூனிகோடின் ஒப்பீட்டு விதிகளைப் படித்துச் சரியாக அடுக்கும்.

பெயர்களில் வரும் தொல்லை இன்னும் சுவையானது. பிப்டெக் ஆசிரியர் பெயரில் கடைசியாக வரும் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அதன் கையில் ‘சாஸ்திரி, கே.ஏ.நீ.’ ஆகிவிடுவார், அந்தக் காலத்துச் சாஸ்திரிகள் எல்லோரும் ஒரே வரிசையில் குவிவார்கள். ‘சுந்தர் ஆர்’ என்று தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டால் இன்னும் மோசம்: ஆர் என்பவர் ஆசிரியராகிவிடுவார், சுந்தர் சுருங்கி ஒரே எழுத்தாக நிற்பார். இதற்கு மருந்து நெளிவு அடைப்பு. முழுப்பெயரையும் அதற்குள் போட்டுவிட்டால் நிரல் அதில் கைவைக்காது. தமிழ்ப் பெயர் என்றாலே முதலில் அடைப்பு, பிறகுதான் மற்றது என்று பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது.

கல்வெட்டுக்கென்று ஒரு வகை பிப்டெக்கில் இல்லை. நூல், கட்டுரை, ஆய்வேடு எல்லாம் உண்டு. கருங்கல் சுவரை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை போலும். ‘இதர’ என்ற வகையில்தான் போடவேண்டும். ஆண்டு என்ற இடத்தில் 921 என்று போட்டால், நிரல் அதைப் பதிப்பு ஆண்டாக நினைத்துக்கொள்ளும். நான் பரிந்துரைப்பது இது: கல்வெட்டுக்கு ஒரு பதிவு, அதன் தலைப்பில் ‘1/1898’ போன்ற துறை எண், ஆட்சியாண்டும் கோயிலும் குறிப்பு வரியில், ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனிப் பதிவு. நூலின் தலைப்பில் உத்தரமல்லூர் என்று அச்சாகியிருந்தால் அதைத் திருத்தக் கூடாது. தேடுசொல் வரியில் உத்திரமேரூர் என்று சேர்த்துக்கொண்டால், எந்தப் பெயரில் அச்சானதும் ஒரே தேடலில் வந்து நிற்கும்.

பதிவுகளைக் கையால் எழுதச் சலிப்பாக இருந்தால் ஜொடெரோ இருக்கிறது. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இலவசம். நூலகப் பக்கத்திலிருந்து விவரத்தை இழுத்து பிப்டெக் வடிவில் தந்துவிடும். இழுத்ததை நம்பக் கூடாது. நம் நூல்களுக்கு ஆசிரியரும் பதிப்பாளரும் இடம் மாறி வருவது சாதாரணம்.

செலவு என்று பார்த்தால், பாண்டாக்கைப் பழைய மடிக்கணினியிலேயே ஓட்டலாம். டெக்கின் முழுத்தொகுப்பு மட்டும் பல ஜிபி. அதைக் கைப்பேசி டேட்டாவில் இறக்காமல் கல்லூரி இணைப்பில் இறக்கிக்கொள்வது பணத்துக்கு நல்லது. கட்டுரையோ இறகு போல. ஒரு லட்சம் தமிழ் எழுத்து ஏறக்குறைய அரை மெகாபைட், சிக்னல் ஒற்றைக் கோட்டில் இருக்கும் கிராமத்திலிருந்தும் மின்னஞ்சலில் போய்விடும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிவந்தால், கிட் போன்ற பதிப்புக் கண்காணிப்பு நிரல் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் எந்த வாக்கியம் மாறியது என்று காட்டும்.

நெறியாளர்தான் கடைசித் தடை. அவருக்கு வேர்ட் கோப்பு வேண்டும், அதில் அவர் வண்ணத்தில் திருத்துவார். பாண்டாக் வேர்ட் கோப்பைக் கொடுத்துவிடும். திருத்தங்களைத் திரும்ப உரைக்கோப்பில் ஏற்றுவது மாணவரின் கைவேலை. அத்தியாயத்துக்கு ஒரு சாயங்காலம் அதற்குப் போகும். காகிதத்தில் சிவப்பு மையால் திருத்தும் நெறியாளர் வாய்த்தவருக்கு அந்த வேலை எப்படியும் உண்டு. அந்த மாணவர் இழப்பது எதுவும் இல்லை.