0.1 மில்லி எப்படிப் போதுகிறது?

நாய் கடித்து அரசு மருத்துவமனைக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஊசியைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு புஜங்களிலும் தோலுக்குள்ளேயே ரேபிஸ் தடுப்பு மருந்தை விடுவார்கள். அந்த இடம் சின்னக் கொப்புளமாக எழும்பும். ஒரு புஜத்துக்கு 0.1 மில்லி, நான்கு தவணைக்கும் சேர்த்து 0.8 மில்லி. அதே மருந்தைத் தசையில் போட்டால் ஐந்து தவணைக்கு 2.5 முதல் 5 மில்லி வரை ஆகும். மருந்து இவ்வளவு குறைந்தும் பாதுகாப்பு குறைவதில்லை. 2006-இல் இந்தியா இம்முறையை ஏற்றபோது முன்னால் நின்ற காரணங்கள் செலவும் தட்டுப்பாடும். அதை அனுமதித்த உயிரியலைத்தான் ஆய்வாளர்கள் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த உயிரியலின் மையத்தில் இருப்பவை தோலில் வாழும் சில செல்கள். 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தங்கக் குளோரைடால் சாயமேற்றிய மனிதத் தோலில் கிளைகள் விரித்த செல்களைக் கண்டார். நரம்பு செல்கள் என்று நினைத்தார். இன்று லாங்கர்ஹான்ஸ் செல்கள் எனப்படும் அவை நோய் எதிர்ப்பு செல்கள் என்பது நூறு ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் உறுதியானது. 1973-இல் ரால்ப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் அடையாளம் கண்ட டென்ட்ரிடிக் செல்களின் உறவுக்காரர்கள் இவை. ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அது நோபல் குழுவுக்கே தெரியாது.

இந்தச் செல்களின் வேலை ஆள் காட்டுவது. தோலுக்குள் வந்த அந்நியப் பொருளை விழுங்கி, அதன் துண்டைச் சுமந்துகொண்டு நிணநீர் வழியாக அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கே காத்திருக்கும், நோயை எதிர்க்கும் டி செல்களிடம் காட்டுகின்றன. அதன் பிறகே உடல் போருக்குத் தயாராகும். தசையில் இத்தகைய செல்கள் சொற்பம். ஊசி போட்ட பிறகு வெளியிலிருந்து வந்து சேர வேண்டும். தோலிலோ முன்பே குடியிருக்கின்றன. டி செல்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஒரு வளர்ந்த மனிதரின் தோலில் சுமார் 2,000 கோடி டி செல்கள் உண்டு, இரத்தத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

அப்படியானால் லாங்கர்ஹான்ஸ் செல்லைத் தட்டி எழுப்பினால் போதுமா? இங்கேதான் கதை சிக்கலாகிறது. எலிகளின் தோலில் ஹெர்பிஸ் வைரஸைச் செலுத்திய ஆய்வு ஒன்றில், வைரஸைக் கொலைகார டி செல்களிடம் காட்டிக்கொடுத்தது லாங்கர்ஹான்ஸ் செல் அல்ல, வேறு வகை டென்ட்ரிடிக் செல். இன்னொரு ஆய்வில் லாங்கர்ஹான்ஸ் செல்களே இல்லாத எலிகளுக்குத் தோல் ஒவ்வாமை கூடியது. அதாவது சில நேரம் அவை சண்டையை மூட்டுவதில்லை, அடக்குகின்றன. தடுப்பூசி எந்த அடுக்கில், எந்தச் செல்லை எட்ட வேண்டும் என்ற கேள்வி இதனால்தான் முக்கியமாகிறது.

எலியை மட்டும் நம்பவும் முடியாது. எலியின் மேல்தோலில் நிறைந்திருக்கும் ஒரு வகை டி செல் மனிதரிடம் அறவே இல்லை. ஆகவே தொப்பை குறைப்பு அறுவைசிகிச்சையில் வெட்டி எறியும் தோலை நன்கொடையாளரின் சம்மதத்துடன் ஆய்வகங்கள் வாங்கிக்கொள்கின்றன. அதைத் தட்டில் வளர்ப்புக் கரைசலில் வைத்தால், இரண்டு மூன்று நாளில் செல்கள் தாமாகவே தோலைவிட்டு வெளியேறும். தடுப்பு மருந்து செலுத்திய தோலிலிருந்து எவை வெளியேறுகின்றன, எவை மருந்தைச் சுமக்கின்றன என்று பிரித்துப் பார்க்கலாம். குப்பைக்குப் போகும் தோலுக்கு இதைவிட நல்ல பயன் ஏது?

எல்லாத் தடுப்பூசியையும் தோலுக்கு மாற்றிவிட முடியாது. அலுமினிய உப்பு கலந்தவை தோலுக்குள் போனால் கட்டியும் புண்ணும் உண்டாகலாம். கைப்பழக்கமும் வேண்டும், ஊசி சற்று ஆழமாக இறங்கினாலும் கொப்புளம் எழாது, மறுபடி குத்த வேண்டியதுதான். இந்தச் சிரமத்தைத் தவிர்க்க நுண்ணூசிப் பட்டைகள் வந்திருக்கின்றன. காம்பியாவில் கைக்குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா மருந்தை இப்பட்டை வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் வெளியான அதன் முடிவுப்படி, ஒரே தவணையில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை எதிர்ப்பு உருவாகியிருந்தது. அதைவிடப் பெரிய சோதனைகள் இனிதான் நடக்க வேண்டும்.