சேஷாசல மூலிகைகள் – 7: மாகாளிக்கிழங்கு
மாகாளிக்கிழங்கு, தென்னிந்தியாவுக்கு வெளியே இயற்கையாக வளராத ஒரு கொடியின் வேர். திருப்பதியை ஒட்டிய சேஷாசல மலைகளிலும் சித்தூரின் வறண்ட காடுகளிலும் பாறை இடுக்குகளில் வேர்விட்டு, அருகிலுள்ள மரங்களில் ஏறிப் படர்கிறது. கிள்ளினால் பால் வடியும். தாவரவியலில் இதற்கு டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்று பெயர். தெலுங்கில் மாரேடு கொம்முலு என்பார்கள். விரல் பருமனிலும் அதற்கு மேலும் திரண்ட வேர்கள் கொத்தாக இறங்குகின்றன. நடுவிலுள்ள கட்டையை நீக்கிவிட்டால் மிஞ்சும் சதைதான் உணவும் மருந்தும்.

காய்ச்சல் விட்ட பிறகும் நாக்கில் ருசி திரும்பாமல், பசி எழாமல் கிடக்கும் நாட்களுக்கு உரியது இந்த வேர். பசியைத் தூண்டும், உடற்சூட்டைத் தணிக்கும், ரத்தத்தைச் சுத்தி செய்யும் என்பது நாட்டு வைத்திய மரபு. இவற்றுள் பசியைத் தூண்டும் குணமே அன்றாட வழக்கில் நிலைத்திருக்கிறது. நோயைப் போக்கும் மருந்தாக இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது தவறு. தேறி வருபவரைச் சாப்பிட வைப்பதுதான் இதன் வேலை. அது சிறிய வேலையும் அல்ல.

வேரைக் கழுவி, தோல் சீவி, கட்டையை எடுத்துவிட்டு, சதையைப் பொடியாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் கடுகும் சேர்த்துத் தயிரில் ஊறப்போட்டால் மாகாளி ஊறுகாய். கஞ்சிக்கும் தயிர்சாதத்துக்கும் இது பொருத்தமான துணை. மூட்டைப்பூச்சி வாடை என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. பழகியவர்கள் அந்த வாசத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள். வேரை இடித்து ஊறவைத்த நீரில் சர்க்கரைப் பாகு சேர்த்தால் சர்பத். அதில் பெரும்பகுதி சர்க்கரை என்பதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊறவைத்த வெறும் நீரே நல்லது.

அந்த வாசத்துக்குக் காரணம் 2-ஹைட்ராக்சி-4-மெதாக்சி பென்சால்டிஹைடு என்ற பொருள். வெனிலாவின் மணப்பொருளான வெனிலினில் உள்ள அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில், வேறு இடங்களில் அமர்ந்திருக்கின்றன. எளிதில் ஆவியாகும் பொருள் இது. நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இந்த வேரை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. தானியங்களைப் பூச்சியிலிருந்து காக்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்ற அதன் ஆய்வு 1999இல் வெளிவந்தது. வேரிலுள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்களும் பின்னர் பிரித்தறியப்பட்டன. ஆனால் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடமும் கண்ட பலன், மனிதருக்கான மருத்துவச் சான்று ஆகிவிடாது.

மாகாளியோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு கொடி நன்னாரி. ஆயுர்வேதம் சாரிவா என்று குறிப்பது நன்னாரியைத்தான். அதன் வேர் மெல்லியது, கம்பி போன்றது. வாசம் ஒத்திருப்பதால் தென்னிந்தியச் சந்தையில் பருமனான மாகாளி வேரும் நன்னாரி என்றே விற்கப்படுகிறது. ஆந்திரத்து நன்னாரி சர்பத்தில் பெரும்பாலும் மணப்பது மாகாளிதான்.

காட்டிலிருந்து இதைத் தோண்டி வருபவர்களில் முக்கியமானவர்கள் யானாதிப் பழங்குடியினர். அவர்கள் உள்ளிட்ட பழங்குடிகளின் மூலிகை அறிவைத் திருப்பதியிலுள்ள மூலிகை நாட்டார் வழக்கு ஆய்வு மையம் தொகுத்து, சித்தூர் மாவட்டப் பழங்குடி மருத்துவம் பற்றிய நூலாக 1997இல் வெளியிட்டது. கொடியை விட்டுவைத்து, வேர்களில் சிலவற்றை மட்டும் எடுத்து, குழியை மூடிவிட்டால் செடி பிழைக்கும். சர்பத்துக்கும் ஊறுகாய்க்கும் தேவை பெருகப் பெருக, கடப்பாறையால் பாறையை நெம்பி மொத்தக் கொத்தையும் பெயர்த்தெடுப்பது வழக்கமாகிவிட்டது. அதோடு கொடியும் முடிந்துவிடுகிறது. இதற்கு அறியாமை காரணமல்ல. எடைக்குத்தான் காசு, ஒருவர் விட்டுவைத்த வேரை மறுநாள் இன்னொருவர் எடுத்துவிடுகிறார்.

சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலிலும் மாகாளி அருகிவரும் இனமாக இடம்பெற்றுள்ளது. தோட்டத்தில் வளர்ப்பதே மாற்று வழி. ஆனால் விதையிலிருந்து கன்று எடுப்பது எளிதாக இல்லை. வேர் திரள்வதற்கும் ஆண்டுகள் ஆகின்றன. மைசூர் நிலையம் உள்ளிட்ட ஆய்வகங்கள் திசு வளர்ப்பு முறையில் கன்றுகளை உருவாக்கிக் காட்டியிருக்கின்றன. அவை குறைந்த விலையில் விவசாயிகளுக்கும், காட்டில் தோண்டிப் பிழைக்கும் யானாதிக் குடும்பங்களுக்கும் கிடைத்தால்தான் மலையின் சுமை குறையும்.