காப்புக்காடும் சேமநிதியும்

சங்கத்தார் கூடிச் செல்லும் உல்லாசப் பயணம் என்றால் கோயிலும் அருவியுமே பலருக்கு நினைவு வரும். சென்ற ஆண்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் அங்கத்தினர்கள், தத்தம் செலவிலேயே, ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்புக்குச் சென்றனர். நானும் உடன் சென்றேன்.

அதற்குச் சில நாட்களுக்கு முன் அச்சங்கத்தின் பொதுக்குழுவில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. சேமநிதியில் உறங்கும் பணத்தைத் தீபாவளிக்குப் பங்கிட்டால் என்ன என்று சிலர் கேட்டனர். நூல் விலை ஏறித் துணி தேங்கும் காலத்தில் சங்கத்தைத் தாங்குவது அந்நிதியே என்று விளக்கினேன். அவர்கள் மனம் ஆறவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கப்பலுக்கும் ரயில்பாதைக்கும் இம்மலைத் தேக்கை வெட்டிக் குவித்தனர். மரங்களை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடமாதலின் டாப்சிலிப் என்னும் பெயர் வந்தது. வெட்டும் வேகத்துக்கு வளர்ச்சி ஈடுகொடாமல் காடு தேய்ந்தது. பின்னர் வந்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி, மரத்தை வேரோடு களையாமல் அடிக்கட்டையை விட்டு வெட்டும் முறையைக் கைக்கொண்டார். புதுக்கன்றுகளும் நடச் செய்தார். கரும்பில் மறுதாம்பு விடுவதை அறிந்த விவசாயிகளுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். 1933-இல் மறைந்த அவருடைய கல்லறை அத்தேக்குகளின் நடுவே இருக்கிறது. மரத்துக்காக வளர்த்த அக்காடு 1976-இல் சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்குப் பாயும் பரம்பிக்குளம்–ஆழியாறு நீரும் இம்மலைகளின் கொடையே.

கல்லறையருகே முதிய நெசவாளர் ஒருவர், “ஐயா, அந்த அடிக்கட்டைதான் நம் சேமநிதியோ?” என்றார். உடனே ஓர் அம்மையார், “கட்டை துளிர்க்கும் வரை எங்கள் அடுப்பு எரிய வேண்டாமா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. விடையை அவர்களே கண்டனர். திரும்பும் வழியில் பேசி முடித்து, அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றினர்: சேமநிதியைத் தொடுவதில்லை, மாதந்தோறும் கூலியில் சிறுதொகை ஒதுக்கித் தீபாவளிச் சேமிப்புத் தொடங்குவது.

அன்பர்களே, உங்கள் சங்கமும் ஒருமுறை சென்று வருக. வனத்துறையின் அனுமதியை முன்னரே கேட்டறிக. அவர்கள் வாகனத்திலேயே காட்டைச் சுற்றுக. பிளாஸ்டிக் பொருள்களைத் தவிர்த்திடுக. கணக்கேட்டைக் காட்டி நான் பல மணி நேரம் விளக்கியும் பதியாத உண்மை, ஒரு தேக்கின் அடியில் நின்றபோது அவர்கள் மனத்தில் பதிந்தது.